040 தாள்: இரண்டு விடையும் சரிபோலத் தெரிகிற கேள்விகளை என்ன செய்வது?

கீழ்வானம் (ஜெர்மனி) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஈயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) நடத்தும் ஏடிபிஎல், அதாவது விமான நிறுவன விமானி உரிமத்துக்குப் படிக்கிறேன். ஒன்பது பாடங்கள் முடிந்துவிட்டன. அடுத்த கிழமை 040, அதாவது மனித செயல்திறனும் அதன் எல்லைகளும். "அது சும்மா, ஒரு சனி ஞாயிறு போதும்" என்று எனக்கு முன்னே எழுதியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ இதுவரை படித்ததில் இதுதான் அதிகம் எரிச்சல் தருகிறது. வானிலையில் பிழை விட்டால் ஏன் பிழை என்று விளங்கும். இதில் விளக்கம் வாசித்த பிறகும் என் விடை பிழை என்று ஒத்துக்கொள்ள மனம் வருவதில்லை.

பயிற்சிக் கேள்வித் தொகுப்பில் (கொஸ்டின் பேங்க்) இருந்து நான் மாட்டிக்கொண்ட சிலவற்றை என் சொல்லில் தருகிறேன்.

முதலாவது: மனித உடலியலுக்கு முக்கியமான வாயுக்கள் எவை? நான் ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி என்று போட்டேன். நைட்ரஜன் குமிழியாகி மூட்டு வலி வரும் என்று ஒரு அதிகாரம் முழுக்கப் படிக்க வைத்தார்கள். நுரையீரலில் நீராவி 47 மில்லிமீட்டர் (பாதரச அளவு) அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும் என்றும் படிக்க வைத்தார்கள். விடை என்ன தெரியுமா? ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும்.

இரண்டாவது: 25,000 அடியில் பயன்தரும் உணர்வு நேரம், எல்லாரும் சொல்கிற டியுசி, அதாவது ஆக்சிஜன் குறைந்த பிறகும் உருப்படியாக வேலை செய்ய முடிகிற நேரம். என் புத்தகத்தில் ஒரு எண், தொகுப்பில் வேறு எண், சக மாணவனின் குறிப்பில் மூன்றாவது எண்.

மூன்றாவது: விமானிக்குத் தலை சுற்றுகிறது, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்? ஆக்சிஜன் முகமூடியா, மூச்சை மெதுவாக்குவதா? எந்த உயரத்தில் இருக்கிறார் என்று கேள்வியில் இல்லவே இல்லை.

நாலாவது: வெளிச்சமோ மணிக்கூடோ இல்லாத இடத்தில் உடலின் கடிகாரம் எத்தனை மணி நேரம்? 25 என்கிறார்கள். நான் வேறு இடத்தில் 24-க்குக் கிட்ட என்று வாசித்திருக்கிறேன்.

48 கேள்வி, 75 நிமிடம். 36 சரியாக இருந்தால் சித்தி. இப்படிப் பத்துக் கேள்வி வந்தால் என் கதி என்ன? அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

பேங்க்பையன் எழுதியது:

சிம்பிள். தொகுப்பை மூன்று முறை ஓட்டுங்கள். விடை என்ன என்று பாருங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். நான் 040-ஐ இரண்டு நாளில் 94 சதவீதத்தில் முடித்தேன். உடலியல் தெரிந்து அல்ல, விடையின் முகம் தெரிந்து. முதல் கேள்விக்கு "ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும்" என்பதைப் பார்த்தாலே கை தானாகப் போகும்.

---

தரைமட்டம் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் பிரச்சினை. நான் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்று இப்போது பயிற்சிப் பள்ளி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். இந்தியாவில் சிபிஎல்லுக்கு (வணிக விமானி உரிமம்) இது தனித் தாளாக வராது, ஏர் ரெகுலேஷன் என்ற விமான விதிகள் தாளுக்குள் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் கேள்விகளின் குணம் ஒன்றுதான்.

கீழ்வானம், வாங்க அம்மா. உங்கள் முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேள்வி எழுதியவர் மனதில் ஒரு படம் இருக்கிறது: சுவாசம். உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, மூச்சின் வேகத்தை எது கட்டுப்படுத்துகிறது. அந்தப் படத்தில் ஆக்சிஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும்தான் வேலை. நைட்ரஜன் நல்ல வீட்டு விருந்தாளிபோல் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறது. ஆனால் உங்கள் மனதில் இருந்தது "விமானியின் உடலுக்கு எது எதெல்லாம் தொந்தரவு தரும்" என்ற படம். அந்தப் படத்தில் உங்கள் விடை முழுக்கச் சரி. கேள்வித்தாளில் இரண்டு படமும் ஒரே வாக்கியமாகிவிட்டது. அது எழுதியவரின் தவறு, உங்களுடையது அல்ல. ஆனால் மதிப்பெண் போவது உங்களுக்கு.

டியுசிக்கு வருகிறேன், இதில்தான் கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறேன்.

பல வருடம் முன்பு பெங்களூரு விமான மருத்துவ நிறுவனத்தில் குறைந்த அழுத்த அறைக்குள் எங்களை உட்கார வைத்தார்கள். 25,000 அடிக்குச் சமமான அழுத்தத்தில் முகமூடியைக் கழற்றச் சொல்லி, கையில் ஒரு அட்டை கொடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொன்னார்கள். நான் 93, 86, 79 என்று போய்க்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் எழுதுகிறேன் என்று அப்படி ஒரு நம்பிக்கை. திடீரென்று யாரோ என் முகத்தில் முகமூடியை அழுத்துகிறார். எனக்குக் கோபம், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று. கீழே வந்து அட்டையைப் பார்த்தால் 72-க்குப் பிறகு 72, 72, 72, அப்புறம் ஒரு கோடு. என் பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஒரு நிமிடம் முன்பே நின்றுவிட்டார். எதிரில் இருந்தவர் எனக்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். மூவருக்கும் ஒரே உயரம், ஒரே அறை, ஒரே நாள்.

இதில் "25,000 அடியில் டியுசி எவ்வளவு" என்றால் யாருடையது என்று கேட்கத் தோன்றுமா தோன்றாதா? அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் வெளியீடுகள் 3 முதல் 5 நிமிடம் என்கின்றன. ஐரோப்பியப் பாடநூல்கள் சில உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு எண்ணும், வேலை செய்துகொண்டிருப்பவருக்கு அதைவிடக் குறைந்த எண்ணும் தருகின்றன. அழுத்தம் திடீரென்று போனால் நுரையீரலில் இருப்பதும் வெளியே உறிஞ்சப்படும், நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆக மூன்று புத்தகத்தில் மூன்று எண் என்றால் மூன்றும் சரியாக இருக்கலாம், ஒவ்வொன்றும் வேறு மனிதனை உட்கார வைத்து அளந்த எண். கேள்வியில் "மிதமான உடலுழைப்பு", "திடீர் அழுத்த இழப்பு" போன்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆள் என்று வைத்துக்கொண்டு, பட்டியலில் எது பொருந்துகிறதோ அதைப் போடுங்கள்.

இன்னொன்று. டியுசி முடிவது மயங்கி விழும்போது அல்ல. உருப்படியாக ஒரு வேலை செய்ய முடியாமல் போகும்போது. நான் 72, 72 என்று எழுதியபோது விழித்துத்தான் இருந்தேன். இந்த வித்தியாசத்தை வைத்தே ஒரு கேள்வி வரும்.

---

கீழ்வானம் எழுதியது:

ஐயா, 72, 72, 72 வாசித்துச் சிரித்துவிட்டுப் பிறகு பயந்துபோனேன். நன்றி. பேங்க்பையன் அண்ணா, நீங்கள் சொன்னபடி மூன்று முறை ஓட்டிவிட்டுத்தான் இங்கே வந்தேன். சொல்லைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் எனக்குக் கை தானாகப் போவதில்லை, நின்றுவிடுகிறது.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

மருத்துவர். விமானிகளுக்கு உடல்தகுதிப் பரிசோதனை செய்வது என் வேலையில் ஒரு பகுதி. மூன்றாவது கேள்வியைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உள்ளே வந்தேன்.

அளவுக்கு மீறி மூச்சு வாங்குவதும் ஆக்சிஜன் குறைவும் வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். தலைசுற்றல், மரமரப்பு, பார்வை மங்கல், பதற்றம் எல்லாம் இரண்டிலும் உண்டு. புத்தகங்கள் ஒரு வித்தியாசம் சொல்லும்: உதடும் நகமும் நீலம் பாரித்தால் அது ஆக்சிஜன் குறைவு. சரிதான், ஆனால் இரவில் மங்கிய விளக்கில், நம்மைப் போன்ற நிறத்தில், உங்கள் நகத்தை நீங்களே பார்த்துக் கண்டுபிடிப்பீர்களா? நான் மருத்துவமனை வெளிச்சத்திலேயே இரண்டாம் முறை பார்ப்பேன்.

தேர்வின் பார்வை இது: கேபின் உயரம் (கேபினுக்குள் உள்ள அழுத்தம் எந்த உயரத்துக்குச் சமமோ அது) 10,000 அடிக்கு மேலே என்றால் ஆக்சிஜன் குறைவு என்று வைத்துக்கொள், முகமூடி போடு. கீழே என்றால் மூச்சு வாங்குவதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், மூச்சை மெதுவாக்கு. உயரம் சொல்லாவிட்டால்? நான் ஆக்சிஜன் என்றுதான் போடுவேன். மூச்சு வாங்குபவருக்கு ஆக்சிஜன் கொடுத்தால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. ஆக்சிஜன் இல்லாதவரிடம் "மெதுவாக மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் கெடுதல் வரும். எந்தப் பக்கம் தவறினால் ஆள் பிழைப்பார் என்று பாருங்கள், விடை அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் இருக்கும்.

சில பழைய கேள்விகளில் காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லி ஒரு விடை இருக்கும். தேர்வில் அது சரியான விடையாகவே இன்னும் உலாவுகிறது. மருத்துவத்தில் நாங்கள் அதை இப்போது பரிந்துரைப்பதில்லை, காரணம் மேலே சொன்னதுதான். உண்மையில் ஆக்சிஜன் குறைந்தவர் வாயில் பையைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதிலேயே இன்னொரு பொறி. வேகமாக மூச்சு விட்டால் உடலில் ஆக்சிஜன் கூடுமா, குறையுமா? நுரையீரலில் கொஞ்சம் கூடும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து இரத்தம் காரத்தன்மை பெறும், மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், மூளைக்குப் போகிற ஆக்சிஜன் குறையும். ஆக "கூடும்" என்பதும் சரி, "குறையும்" என்பதும் சரி. எந்த இடத்தில் என்று கேள்வி சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டுவிடும்.

எண்கள் மாறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. புத்தகம் எழுதியவர் எந்த விதியைக் கையில் வைத்திருந்தார் என்பது. ஒலியால் காது கெடத் தொடங்குவது 85 டெசிபலா, 90-ஆ? ஐரோப்பியத் தொழிலிட விதிகள் 85-இல் காதுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகின்றன, அமெரிக்க விதிகளில் எட்டு மணி நேரத்துக்கான அனுமதி எல்லை 90. காதுக்குள் 85-க்கும் 90-க்கும் நடுவில் சுவர் எதுவும் கட்டி வைக்கவில்லை. இரத்த அழுத்தமும் இப்படித்தான். பொதுவாக 140/90 வந்தால் உயர் இரத்த அழுத்தம் என்பார்கள், அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017-இல் 130/80 என்று இறக்கின, ஈயாசா மருத்துவ விதியில் தொடர்ந்து 160/95-ஐத் தாண்டினால்தான் தகுதியில்லை. "எந்த அளவு உயர் அழுத்தம்" என்பதும் "எந்த அளவில் பறக்க முடியாது" என்பதும் இரண்டு கேள்வி. மாணவர்கள் ஒன்றின் விடையை மற்றதற்குப் போட்டுவிட்டு வந்து என்னிடம் சண்டை போடுவார்கள்.

உடல் நிறை குறியீட்டை எழுதப் போவதில்லை. இந்தியர்களுக்கு நாங்கள் 25-இலேயே உடல் பருமன் என்போம், தாளில் 30. மருத்துவருக்கு நீங்கள் குண்டு, தேர்வுக்கு இல்லை. சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

---

பேங்க்பையன் எழுதியது:

டாக்டர், இதெல்லாம் தெரிந்துகொள்வது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது தேர்வு. முதல் தாளில் இருந்து எண்ணினால் 18 மாதம், ஒரு பாடத்துக்கு நாலு முயற்சி. இதற்கு நடுவில் மனித மூளையின் இரத்தக் குழாய் சுருங்குவதைப் பற்றிக் கவலைப்பட ஏழைப் பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. கட்டணம் கட்டுவது அப்பா. தோற்றால் திரும்பக் கட்டுவதும் அப்பா.

---

வலதுசீட் எழுதியது:

வளைகுடாவில் ஏ320 ஓட்டுகிறேன். நானும் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறியவன்தான், ஆகவே தம்பியைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

2005 ஆகஸ்ட் 14, ஹீலியோஸ் 522 விமான விபத்து. லார்னகாவிலிருந்து ஏதென்ஸ். கேபின் அழுத்தச் சுவிட்ச் தானியங்கியில் இல்லாமல் கைமுறையில் இருந்தது. ஏறும்போது கேபின் உயர எச்சரிக்கை ஒலித்தது. அந்த 737-இல் அதே ஒலிதான் தரையில் புறப்பாட்டு அமைப்பு சரியில்லை என்றாலும் வரும். அவர்கள் இரண்டாவது என்று எடுத்துக்கொண்டார்கள். குழம்பிக்கொண்டே ஏறினார்கள், குழப்பத்தைத் தீர்க்க வேண்டிய மூளைக்கே ஆக்சிஜன் போகவில்லை. இறந்தவர்கள் 121 பேர்.

ஒரே ஒலி, இரண்டு பொருள். இதைவிட இரட்டைப் பொருள் உள்ள கேள்வி எந்தத் தாளில் இருக்கிறது? ஆக்சிஜன் குறைவின் முதல் அறிகுறி எது என்று தேர்வில் கேட்பார்கள். நீலம், மூச்சு, தலைவலி, தீர்மானத் திறன் குறைவது என்று நாலு விடை இருக்கும். எல்லாமே அறிகுறிதான். ஆனால் "தீர்மானம்" என்று போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு, தரைமட்டம் ஐயா கோபப்பட்டாரே, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று, அதுதான் காரணம்.

சிமுலேட்டரில் எங்களுக்குச் சொல்லித் தருவது ஒரு வரி: கேபின் எச்சரிக்கை வந்தால் முதலில் முகமூடி, அப்புறம் யோசனை. டாக்டர் சொன்னதும் அதேதான்.

---

மீன்கொத்தி எழுதியது:

விமானி இல்லை, புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுத் தருகிறேன். நைட்ரஜன் என்று கண்ணில் பட்டதால் நுழைந்தேன்.

முதல் கேள்வியில் நைட்ரஜனுக்கு மரியாதை இல்லை என்பதில் எனக்கு வருத்தம். எங்கள் பிழைப்பே அந்த வாயுவைச் சுற்றித்தான். என்னிடம் வரும் சுற்றுலாக்காரர்கள் கேட்பார்கள், "டைவ் முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம்?" டைவிங் உலகில் டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் வழிகாட்டல்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி, பல நாள் பல டைவ் என்றால் 18, நிறுத்தி நிறுத்தி மேலே வர வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிடவும் கூட. விமானிகளின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?

---

தரைமட்டம் எழுதியது:

மீன்கொத்தி, நல்ல நேரத்தில் வந்தீர்கள். எங்கள் பக்கம் 12-உம் 24-உம். ஐரோப்பியப் பாடங்களில் 10 மீட்டரைத் தாண்டி ஆழம் போனால் 24, இல்லையென்றால் 12 என்று இருக்கும். அமெரிக்காவில் ஆழத்தைக் கேட்க மாட்டார்கள். நின்று நின்று மேலே வர வேண்டியிருந்ததா, ஏறப்போகிற உயரம் 8,000 அடிக்கு மேலேயா என்றுதான் கேட்பார்கள். உங்களுடைய 18 எங்கள் தாளில் விடையாக வந்தால் அது மாணவனைப் பிடிக்க வைத்த கண்ணி. ஒரே நைட்ரஜன், ஒரே இரத்தம், மூன்று அட்டவணை.

கீழ்வானத்துக்கு: ஆழம் சொல்லாமல் கேட்டால் 24 போடுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த ஒன்று. எண்ணை மனப்பாடம் செய்வதற்குப் பதில் கணக்குப் போட முடிகிற இடங்களில் போட்டுப் பார்த்தால், எந்தக் கேள்வி கெட்டது என்று நமக்கே தெரிந்துவிடும்.

தரையில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர். மூக்கில் நுழைந்ததும் நீராவி 47-ஐ எடுத்துக்கொள்கிறது, மீதி 713. அதில் 21 சதவீதம் ஆக்சிஜன், 150 அளவில். நுரையீரலின் காற்றுப்பைக்குள் கார்பன் டை ஆக்சைடு வந்து இடம் பிடிப்பதால் இன்னும் 47 போகிறது (கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமான 40-ஐ 0.85-ஆல் வகுத்தது, முன் சொன்ன 47-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்). மீதி 103. தரையில் உங்கள் நுரையீரலுக்குக் கிடைப்பது இதுதான்.

சுத்த ஆக்சிஜன் சுவாசித்தால் 21 சதவீதம் என்ற பெருக்கலே இல்லை, நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் மட்டும் கழித்தால் போதும். 33,700 அடியில் காற்றழுத்தம் 190. 190-இல் 47-உம் 40-உம் போனால் 103. அதனால்தான் எல்லாப் புத்தகமும் "33,700 அடியில் சுத்த ஆக்சிஜன், தரையில் காற்று, இரண்டும் சமம்" என்கிறது. 40,000 அடியில் அழுத்தம் 141, கழித்தால் 54. 10,000 அடியில் சாதாரணக் காற்று சுவாசித்தால் 53. ஏறக்குறைய சமம். இந்த இரண்டு ஜோடியும் யாரும் எழுதி வைத்ததால் வந்தவை அல்ல, கணக்கிலேயே விழுகின்றன.

ஆனால் பழைய தொகுப்புகளில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது: 38,000 அடியில் சுத்த ஆக்சிஜன் எந்த உயரக் காற்றுக்குச் சமம்? விடை 10,000 என்று இருக்கும். போட்டுப் பாருங்கள். 38,000-இல் 155, கழித்தால் 68. காற்று சுவாசித்து 66 கிடைப்பது 7,000 அடியில். அப்படியென்றால் விடையில் 7,000 இருக்க வேண்டும், இருக்காது. கேள்வி போட்டவர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கீழே இறக்கினாரா, 40,000-ஐத் தவறி 38,000 என்று எழுதினாரா தெரியாது. எப்படியோ, கணக்குத் தெரிந்தவனுக்கு அது கெட்ட கேள்வி, மனப்பாடம் செய்தவனுக்கு ஒரு மதிப்பெண்.

---

பேங்க்பையன் எழுதியது:

ஐயா, அந்தக் கேள்விக்கு நான் 10,000 போட்டு ஒரு மதிப்பெண் வாங்கியவன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னது வருகிறது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மதிப்பெண்ணைத் திருப்பித் தர மாட்டேன்.

---

மேகமூட்டம் எழுதியது:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை வழக்கத்தைவிட அகலமாக இருக்கிறது, விமானிக்கு என்ன ஆகும்? ஒரு விடை "தாழ்வாக இருப்பதாக உணர்வார்". இன்னொன்று "உயரமாக வருவார்". நான் இரண்டாவதைப் போட்டேன், தப்பு என்றார்கள். இரண்டும் ஒன்றுதானே? தாழ்வாக இருப்பதாக உணர்பவர் மேலே ஏற்றித்தானே வருவார்?

---

வலதுசீட் எழுதியது:

ஒன்றுதான். முதலாவது கண் சொல்வது, இரண்டாவது கை செய்வது. கேள்வி "மாயத்தோற்றம்" என்ற சொல்லில் முடிந்தால் கண் சொல்வதைப் போடுங்கள். "விளைவு", "ஆபத்து" என்று முடிந்தால் கை செய்வதைப் போடுங்கள். நீங்கள் எழுதிய மாதிரி வெறுமனே "என்ன ஆகும்" என்று முடிந்தால் நாணயத்தைச் சுண்டுங்கள். சும்மா சொல்லவில்லை, கழித்தல் மதிப்பெண் கிடையாது, எதையாவது போடுங்கள், வெறுமனே விடாதீர்கள்.

இந்த வகையில் நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டது சரிவுள்ள ஓடுபாதை. மேல்நோக்கிச் சரிந்தால் உயரமாக இருப்பதாகத் தோன்றும், தாழ்வாக வருவோம். அகலம் என்றால் நேர்மாறு. வீட்டில் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கக் காலுக்கு அடியில் புத்தகம் வைத்து, குனிந்து குனிந்து பார்த்து மனதில் பதிய வைத்தேன். என் அம்மா மேஜைக் கால் உடைந்துவிட்டது என்று தச்சருக்குப் போன் போட்டுவிட்டார்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

நாலாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். உடல் கடிகாரம்.

25 என்பது பழைய சோதனைகளில் இருந்து வந்தது. ஆட்களை நிலவறையில் தங்க வைத்தார்கள், நேரம் சொல்லவில்லை, ஆனால் விளக்கை அவர்களே போட்டு அணைத்துக்கொள்ள விட்டார்கள். இரவில் விளக்கு எரிந்தால் கடிகாரம் பின்னால் தள்ளிப் போகும் என்பது பிறகுதான் சரியாகப் புரிந்தது. 1999-இல் சார்ல்ஸ் செய்ஸ்லர் குழு வெளிச்சத்தை மிகக் குறைத்து, நாளின் நீளத்தைச் செயற்கையாக மாற்றி அளந்தபோது சராசரி 24 மணி 11 நிமிடம் வந்தது. ஆக கீழ்வானம் வாசித்ததுதான் சரி. பாடநூல்கள் பல இன்னும் 25 என்கின்றன.

ஆனால் அதிலிருந்து வரும் முடிவு மாறவில்லை: கடிகாரம் 24-ஐவிடச் சற்று நீளம், அதனால் நாளை நீட்டுகிற மேற்குத் திசைப் பயணத்தை உடல் சுலபமாகத் தாங்கும். கேள்வியில் 24-உம் 25-உம் இருந்தால் 25. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருந்தால் கேள்வி எழுதியவர் புதிதாகப் படித்தவர், அதைப் போடுங்கள்.

---

கீழ்வானம் எழுதியது:

எழுதிவிட்டு வந்தேன். 39 சரி, 81 சதவீதம். சித்தி!

கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் கேட்காதீர்கள். பொதுவாக மட்டும் சொல்கிறேன். பயந்த அளவு மோசம் இல்லை, பழைய தொகுப்பைவிடச் சொற்கள் தெளிவாகத்தான் இருந்தன. ஆனாலும் நாலு இடத்தில் நின்றேன். மூன்றில் கேள்வியைத் திரும்ப வாசித்தபோது ஒரு சிறிய சொல் ஒளிந்திருந்தது, ஐயா சொன்ன மாதிரி. அந்தச் சொல் இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் வேறு. முதல் வாசிப்பில் என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

நாலாவதில் எத்தனை முறை வாசித்தும் எந்தச் சொல்லும் கிடைக்கவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, ஓடுகிறாரா, நிம்மதியாக இருக்கிறாரா, ஒன்றும் இல்லை. கேள்வி பற்றிக் கருத்து எழுதலாம் என்று அங்கே ஒரு படிவம் இருந்தது. இரண்டு விடை ஏன் சரியாகும் என்று ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் வாசித்துவிட்டு, "இதற்கு நீங்கள் எதைப் போட்டீர்கள்?" என்று கேட்டார். எந்தப் பக்கம் தவறினால் ஆள் பிழைப்பாரோ அதை, என்றேன். டாக்டர், அது உங்கள் வரி. திருடியதற்கு மன்னிக்கவும்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

வாழ்த்துகள். அது எனக்கு என் ஆசிரியர் சொன்னது, நானும் திருடியதுதான்.

---

பேங்க்பையன் எழுதியது:

வாழ்த்துகள் தங்கச்சி. 81 என்பது என் 94-ஐவிடக் குறைவு என்பதைப் பணிவுடன் நினைவூட்டிக்கொள்கிறேன். சரி, 47 எதற்கு இரண்டு முறை வருகிறது, அதை மட்டும் ஐயா இன்னொரு முறை சொல்லுங்கள். படித்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன்.

---

தரைமட்டம் எழுதியது:

முதல் 47 நீராவி, உயரம் ஏறினாலும் மாறாது, ஏனென்றால் உங்கள் உடல் சூடு மாறவில்லை. இரண்டாவது 47 கார்பன் டை ஆக்சைடு பிடித்த இடம், மூச்சு வேகமானால் குறையும். தற்செயலாக ஒரே எண். இதை வைத்து யாராவது கேள்வி போடாமல் இருக்க வேண்டும்.

கீழ்வானம், சந்தோஷம் அம்மா. அடுத்து எது?

---

கீழ்வானம் எழுதியது:

061, பொது வழிச்செலுத்தல். அதிலாவது "பெரும்பாலும்", "பொதுவாக" என்ற சொற்கள் வராது என்று நம்புகிறேன் ஐயா.

---

வலதுசீட் எழுதியது:

உருண்டையைத் தட்டைத் தாளில் வரைந்தவர்கள் எழுதிய பாடம் அது. வரும்.